கொசுவா, பன்றியா? நுண்ணோக்கிகள் சொன்ன பதில்

மாணவர்களே, இன்றைய போர்ட் கிள்ளான் துறைமுகம் 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் திறக்கப்பட்டபோது, அங்கு வேலை செய்தவர்களை மலேரியா வாட்டியது. கிள்ளான் மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடியவைத்து நோயை அடக்கினார். கொசுவைக் குறிவைக்கத் துணிவு தந்தது ஒளி நுண்ணோக்கிதான். 1880இல் லவரான் மனித இரத்தத்தில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் அதைக் கொசுவின் வயிற்றில் கண்டார்.

ஒளி நுண்ணோக்கிக்கு ஓர் எல்லை உண்டு. ஏறத்தாழ 200 நானோமீட்டருக்கும் நெருக்கமான இரு புள்ளிகள் அதில் ஒன்றாகக் கலங்கித் தெரியும். லென்ஸைக் குறை சொல்ல வேண்டாம். ஒளி அலையின் நீளமே காரணம். சிவப்பணு சுமார் 7,000 நானோமீட்டர் அகலம் என்பதால் அதற்குள் இருக்கும் ஒட்டுண்ணி தெரிந்துவிடுகிறது. வைரஸ் என்றால்?

1998இல் பேராக்கில் தொடங்கிய மூளைக் காய்ச்சல் நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. ஜப்பானிய மூளையழற்சி என்று எண்ணி, கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். தடுப்பூசி போட்டவர்களும் நோயுற்றார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங், சுங்கை நிப்பா நோயாளியிடமிருந்து கிருமியைப் பிரித்து, ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் விட்டார். சாதாரண ஒளி நுண்ணோக்கியில் பார்த்தபோது, செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிய செல்களாகியிருந்தன. கிருமி தெரியவில்லை, அதன் வேலை தெரிந்தது!

கிருமியின் உருவத்தைக் காட்டியது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் எலெக்ட்ரான் நுண்ணோக்கி. எலெக்ட்ரானின் அலைநீளம் ஒளியைவிட மிக மிகக் குறைவு. ஜப்பானிய மூளையழற்சி வைரஸ் சுமார் 50 நானோமீட்டர் அளவுள்ள சிறு உருண்டை. இதுவோ அதைவிடப் பெரியது, தட்டம்மை வைரஸ் சேர்ந்த பாராமிக்சோ குடும்பம்! எதிர்ப்பொருள் சோதனைகளும் புதிய வைரஸ் என்பதை உறுதிசெய்தன. பன்றிகளிடமிருந்து தொற்றுவது தெளிவாக, சுமார் 10 லட்சம் பன்றிகள் அழிக்கப்பட்டன. அதற்குள் மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டு, 105 பேர் இறந்துவிட்டார்கள்.

அப்படியானால் எலெக்ட்ரான் நுண்ணோக்கியே போதுமே என்கிறீர்களா? அதில் வழக்கமாக மாதிரியை வெற்றிடத்தில் வைக்க வேண்டும். உயிருள்ள செல்லின் அசைவைப் பார்க்க முடியாது. படம் கறுப்பு வெள்ளைதான். (பாடப் புத்தகத்தில் வைரஸுக்கு இருக்கும் அழகான நிறமெல்லாம் பின்னர் பூசியது.) செல்கள் ஒட்டிக்கொண்டே போவதை நாள்தோறும் கவனிக்க ஒளி நுண்ணோக்கிதான் கைகொடுக்கும். மலேரியா சந்தேகம் என்றால் இன்றும் ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி, ஜீம்சா சாயமிட்டு, அதே ஒளி நுண்ணோக்கியில்தான் பார்க்கிறார்கள்.