கோபால்ட்டும் கூலியும்

'தூய ஆற்றல்' என்னும் தொடர் இந்நாளில் எங்கும் வழங்குகிறது. நிலக்கரியையும் பெட்ரோலையும் எரிப்பதால் காற்றில் கரியமிலவாயு மிகுகிறது; உலகம் வெப்பமடைகிறது; ஆதலால் ஞாயிற்றின் ஒளியையும் காற்றின் விசையையும் கொண்டு மின்சாரம் எடுக்கவேண்டும், அம்மின்சாரத்தைக் கொண்டே வண்டிகளும் ஓடவேண்டும் என்கின்றனர் அறிஞர். இது மிக நல்ல மாறுதல். இதனைக் குறை கூறுவது என் நோக்கமன்று.

ஆயினும் ஒன்றை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். ஒளிக்கும் காற்றுக்கும் விலையில்லை. ஆனால் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் மின்கலத்துக்கு விலை உண்டு. லித்தியம், நிக்கல், செம்பு, கோபால்ட் முதலிய பொருள்களை மண்ணிலிருந்து தோண்டி எடுத்தே அதனைச் செய்கிறார்கள். தோண்டுகிறவர் யார்? அவருக்குக் கிடைக்கும் கூலி என்ன? அவர் உயிருக்குக் காவல் உண்டா? இக்கேள்விகளுக்கு விடை காணாமல் ஓர் ஆற்றலைத் தூயது என்று சொல்லிவிடுதல் பொருந்துமா?

எல்லாக் கனிமங்களையும் ஒரு கட்டுரையில் அடக்க இயலாது. ஆதலால் கோபால்ட் ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். ஒன்றை நன்கு அறிந்தால், மற்றவற்றைப் பற்றிக் கேட்கவேண்டிய கேள்விகள் தாமே விளங்கும்.

கோபால்ட் என்பது யாது?

கோபால்ட் ஓர் உலோகம். அதன் அணு எண் 27. பழைய ஜெர்மானியச் சுரங்கத் தொழிலாளர், செம்போ வெள்ளியோ கிடைக்கும் என்று நம்பி ஒருவகைக் கல்லை உருக்கினர். உலோகம் கிடைக்கவில்லை, நச்சுப் புகையே கிளம்பிற்று. சுரங்கத்தில் வாழும் குறும்புப் பேய் தங்களை ஏமாற்றிவிட்டதாக எண்ணி, அப்பேயின் பெயரையே கல்லுக்கும் இட்டனர். அப்பெயரே கோபால்ட் என்று நிலைத்தது.

1980-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குடினஃப் என்பவரும் அவருடன் உழைத்தோரும், லித்தியமும் கோபால்ட்டும் சேர்ந்த ஆக்சைடு மின்கலத்தின் நேர்மின்வாய்க்கு ஏற்றது என்று கண்டனர். 1991-இல் அத்தகைய மின்கலம் கடைக்கு வந்தது. இத்துறையின் ஆய்வுக்காக 2019-இல் குடினஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. கைப்பேசியின் மின்கலத்தில் சில கிராம் கோபால்ட் இருக்கும். கோபால்ட் சேர்ந்த மின்கலத்தால் ஓடும் காரில் சில கிலோகிராம் இருக்கும்.

காங்கோ நாட்டின் மண்

உலகில் வெட்டியெடுக்கும் கோபால்ட்டில் பத்தில் ஏழு பங்கு ஒரே நாட்டிலிருந்து வருகிறது. அந்நாடு கின்ஷாசாவைத் தலைநகராகக் கொண்ட காங்கோ ஜனநாயகக் குடியரசு. அதன் தென்கிழக்கே, முன்னர் கட்டங்கா எனப்பட்ட பகுதியில், செம்பும் கோபால்ட்டும் ஒரே மண்ணில் கலந்து கிடக்கின்றன. அங்குள்ள கோல்வேசி நகரமே இத்தொழிலின் நடுவிடம்.

பெல்ஜியத்தின் ஆட்சிக் காலத்தில், 1906-இல், இச்செல்வத்தை எடுக்க ஒரு நிறுவனம் தோன்றிற்று. நாடு 1960-இல் விடுதலை பெற்றபின், 1960-களின் இறுதியில் சுரங்கங்கள் அரசுடைமையாயின. ஜெக்காமின் என்னும் அரசு நிறுவனம் அவற்றை நடத்திற்று. அஃது ஊதியத்தோடு பள்ளியும் மருத்துவமனையும் அளித்து வந்தது. 1990-இல் கமோட்டோ என்ற பெருஞ்சுரங்கம் இடிந்து விழுந்தது, உள்நாட்டுக் குழப்பமும் சேர்ந்துகொண்டது, நிறுவனம் நலிந்தது. பின்னர் ஏறத்தாழ 10,000 தொழிலாளர் வேலையைவிட்டு அனுப்பப்பட்டனர். நல்ல சுரங்க நிலங்கள் வெளிநாட்டு நிறுவனங்களின் கைக்கு மாறின. கல்லைப் பற்றி எல்லாம் அறிந்த மக்கள், கல்லின்மேல் எவ்வுரிமையும் இல்லாமல் நின்றனர்.

கையால் தோண்டுவோர்

அங்கே கோபால்ட் நிறைந்த கறுப்புக் கனிமம் நிலத்தின் மேலடுக்கிலேயே கிடைக்கிறது. மண்வெட்டியும் கடப்பாரையும் இருந்தால் போதும். ஆதலால் பெரிய நிறுவனங்கள் எந்திரங்களைக் கொண்டு எடுக்க, பல்லாயிரவர் கையாலேயே குழி தோண்டி எடுக்கின்றனர். கையால் எடுத்த கோபால்ட் காங்கோவின் மொத்த விளைவில் பத்தில் ஒன்று முதல் மூன்று பங்கு வரை இருந்தது என்று மதிப்பிட்டுள்ளனர். உலகச் சந்தையில் விலை ஏறினால் அப்பங்கு ஏறும், விலை இறங்கினால் இறங்கும்.

சட்டம் இவர்களை அடியோடு மறுக்கவில்லை. 2002-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டப்படி, வயதுவந்த காங்கோ குடிமகன், அட்டை பெற்று, அதற்கென ஒதுக்கிய நிலத்தில் தோண்டலாம். குறை எங்கே என்றால், ஒதுக்கிய நிலங்கள் மிகச் சில. அவற்றிலும் கனிமம் குறைவு. வளமான நிலமெல்லாம் நிறுவனங்களின் வேலிக்குள் இருக்கிறது. எனவே தோண்டுவோர் வேலியைத் தாண்டுகின்றனர். தாண்டியவுடன் அவர்கள் அத்துமீறியவர் ஆகிவிடுகின்றனர்.

இந்த ஒரு நிலையிலிருந்தே மற்ற இன்னல்கள் எல்லாம் பிறக்கின்றன என்பது என் கருத்து. அத்துமீறியவரின் குழியைச் சோதிக்க அதிகாரி வருவதில்லை. ஆகவே முட்டுக்கொடுக்காத குழி சரிகிறது. 2019-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கோல்வேசிக்கு அருகே ஒரு நிறுவனத்தின் நிலத்தில் மண் சரிந்து ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். அத்துமீறியவர் நீதிமன்றம் செல்லமாட்டார். ஆகவே வணிகர் சொல்வதே விலை. மூட்டையில் எத்தனை விழுக்காடு கோபால்ட் என்பதை வணிகரின் கையிலுள்ள கருவியே காட்டும். எடையும் அவர் தராசிலேயே. கருவி குறைத்துக் காட்டுகிறது என்று தோண்டுவோர் முறையிடுவது வழக்கம். மறுமுறை அளந்துபார்க்க அவர்களிடம் வேறு கருவி இல்லை.

தந்தையின் கூலி போதாதபோது பிள்ளையும் கல் பொறுக்க வருகிறது. காங்கோவின் தென்பகுதிச் சுரங்கங்களில் ஏறத்தாழ 40,000 குழந்தைகள் உழைப்பதாக யுனிசெஃப் 2014-இல் மதிப்பிட்டது. தொடக்கப் பள்ளியிலும் பெற்றோர் கட்டணம் செலுத்தவேண்டியிருந்தது இதற்கொரு காரணம். 2019-இல்தான் அரசு தொடக்கக் கல்வியை இலவசமாக்கத் தொடங்கிற்று.

விலகிக்கொள்ளுதல் நேர்மையாகுமா?

2016 ஜனவரியில் ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் அமைப்பு, காங்கோவின் ஓர் அமைப்போடு சேர்ந்து இக்கொடுமைகளை அறிக்கையாக வெளியிட்டது. உலகம் திடுக்கிட்டது. கைப்பேசியும் காரும் செய்யும் நிறுவனங்கள் விடை சொல்லவேண்டியதாயிற்று. அவற்றில் பல சொன்ன விடை இருவகை. ஒன்று, 'கையால் தோண்டிய கோபால்ட்டை வாங்கமாட்டோம்' என்பது. மற்றொன்று, கோபால்ட்டே வேண்டாத மின்கலத்துக்கு மாறிவிடுவது. லித்தியமும் இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்த மின்கலம் அத்தகையது. 2024-இல் உலக மின்கார் மின்கலச் சந்தையில் ஏறத்தாழப் பாதி அதனுடையதே.

இரண்டும் கேட்க இனிமையாக இருக்கின்றன. ஆனால் ஆராய்ந்து பார்ப்போம். கையால் தோண்டிய கல்லும் எந்திரம் எடுத்த கல்லும் காங்கோவின் ஆலைகளிலேயே கலந்துவிடக்கூடும். அங்கிருந்து அரைகுறையாகச் சுத்தம் செய்த கோபால்ட் தென்னாப்பிரிக்க, தான்சானியத் துறைமுகங்கள் வழியாகப் பெரும்பாலும் சீனாவுக்குச் சென்று தூய்மையாகிறது. ஆற்றில் கலந்த நீரைப் பின்னர் எந்த ஊற்று நீர் என்று பிரிப்பது எளிதன்று. ஆகவே 'வாங்கமாட்டோம்' என்ற சொல் பலமுறை தாளில் மட்டுமே நிற்கிறது. உண்மையாகவே வாங்காமல் நின்றாலும் என்ன ஆகும்? தோண்டுபவர் தோண்டுவதை நிறுத்தமாட்டார். அவருக்கு வேறு பிழைப்பில்லை. வாங்குவோர் குறைவர், விலை இன்னும் இறங்கும், குழி இன்னும் ஆழமாகும்.

கோபால்ட் வேண்டாத மின்கலம் வேதியியலின் வெற்றி, அதனைப் போற்றுகிறேன். ஆனால் அதனால் கோல்வேசி மண் அமைதி பெற்றுவிடாது. மின்காருக்குச் சாதாரணக் காரைவிட மும்மடங்கு செம்பு தேவை என்று கணக்கிட்டுள்ளனர். அச்செம்பும் கோபால்ட் கிடக்கும் அதே மண்ணில்தான் கிடக்கிறது. ஒரு கனிமத்தைக் கைவிடலாம். அம்மண்ணையும் அதன் மக்களையும் கைவிட்டுவிட இயலாது. தோண்டுபவரைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு, 'எங்கள் கை தூயது' என்பது பொறுப்பாகாது. அவருக்கு நிலமும் காவலும் நேரான விலையும் கிடைக்கச் செய்வதே பொறுப்பு.

செய்துகாட்டிய ஒரு முயற்சி

'ஆயிரம் குழிகளை யார் காவல் காப்பது? நடக்கக்கூடிய காரியமா?' என்று நிறுவனங்கள் கேட்கின்றன. நியாயமான கேள்வியே. அதற்கு விடை கோல்வேசியை அடுத்த முத்தோஷி என்னும் இடத்தில் கிடைத்தது. 2018 முதல் 2020 வரை ஒரு சுரங்க நிறுவனமும், ஒரு வணிக நிறுவனமும், ஒரு தொண்டு நிறுவனமும் சேர்ந்து, நிறுவனத்தின் நிலத்திலேயே கையால் தோண்டுவோருக்கு இடம் கொடுத்தன. சுற்றிலும் வேலி, வாயிலில் அடையாள அட்டை, சிறுவருக்கு அனுமதியில்லை. மேல்மண்ணை எந்திரம் முன்னதாகவே அகற்றிவிடும்; அதனால் ஆழமாகத் தோண்டவேண்டிய தேவை இல்லை. குழியின் ஆழம் 10 மீட்டரைத் தாண்டக்கூடாது. சட்டம் 30 மீட்டர்வரை இடங்கொடுத்திருந்தும் இக்கட்டுப்பாட்டை ஏற்றனர். சுரங்கத்தில் பெண் கால்வைத்தால் கனிமம் மறைந்துவிடும் என்ற பழைய மூடநம்பிக்கையைத் தாண்டிப் பெண்களும் அங்கே வேலை செய்தனர்.

குறைகளும் இருந்தன. ஒரே நிறுவனத்துக்கே விற்கவேண்டியிருந்ததால் விலை குறைவு என்ற முறையீடு எழுந்தது. 2020-இல் கொரோனா நோய்க் காலத்தில் அம்முயற்சி நின்றது. எனினும், கையால் தோண்டுவதையும் பாதுகாப்பாகச் செய்யமுடியும் என்பது அதனால் உறுதியாயிற்று. தடையாக நிற்பது செலவும் மனமுமே.

பங்கும் விலையும்

மண்ணுக்குரிய நாடும் வாளாவிருக்கவில்லை. 2018-இல் காங்கோ தன் சுரங்கச் சட்டத்தைத் திருத்தி, கோபால்ட்டின்மேல் நிறுவனங்கள் செலுத்தும் ராயல்டியை 10 விழுக்காடு ஆக்கிற்று. அத்தொகையில் 50 பங்கு நடுவண் அரசுக்கு, 25 மாநிலத்துக்கு, 15 சுரங்கம் உள்ள ஊராட்சிக்கு, 10 வருங்காலத் தலைமுறைக்கான நிதிக்கு. இதற்குமேல், நிறுவனத்தின் விற்றுமுதலில் 0.3 விழுக்காடு அவ்வூர் மக்களின் நலத்துக்கு. 2019-இல், கையால் தோண்டிய கோபால்ட்டை வாங்கவென்றே ஓர் அரசு நிறுவனமும் அமைத்தது. ஆனால் பல ஆண்டுகள் அது பெயரளவிலேயே இருந்தது.

2018-இல் டன்னுக்கு 90,000 டாலரைத் தாண்டிய விலை, 2025 தொடக்கத்தில் நாலில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் காங்கோ கோபால்ட் ஏற்றுமதியையே நிறுத்திற்று. அக்டோபரில் மீண்டும் திறந்தபோது, 2026-லும் 2027-லும் ஆண்டுக்கு 96,600 டன்னுக்குமேல் போகக்கூடாது என்று வரம்பு கட்டிற்று. விலை இருமடங்குக்குமேல் ஏறிற்று. விற்பவனும் விலை பேசலாம் என்று ஓர் ஏழை நாடு உலகுக்குக் காட்டிய நிகழ்ச்சி இது. ஆயினும் அவ்விலை மூட்டை சுமந்து வருபவரின் கைக்கு வந்து சேரவேண்டுமானால், கடையிலுள்ள தராசும் கருவியும் நேர்மையாக இருக்கவேண்டும். தலைநகரின் வரவு குடிசையின் வரவு ஆவதற்கு இடையே நெடுந்தொலைவு உண்டு.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

இது தொலைவிலுள்ள நாட்டின் கதை என்று ஒதுக்க வேண்டாம். சட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்டுத் தோண்டுகிறவர் நம் நாட்டிலும் உண்டு. ஜார்க்கண்டின் கோடர்மா, கிரிடி மாவட்டங்களில் அப்பிரகச் சுரங்கங்கள் ஒருகாலத்தில் உலகப் புகழ் பெற்றிருந்தன. 1980-இல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, உரிமங்கள் காலாவதியாயின, சந்தையும் சுருங்கிற்று. ஆனால் பழைய மண்மேடுகளைக் கிளறி, 'டிப்ரா' எனப்படும் அப்பிரகச் சிதறலைப் பொறுக்கும் குடும்பங்கள் இருந்துகொண்டே இருந்தன. அங்கே மண் சரிந்து சிறுவர் இறந்த செய்தி 2016-இல் வெளிவந்தது. அந்த அப்பிரகம் வண்ணப் பூச்சுக்கும் ஒப்பனைப் பொருளுக்கும் போகிறது. மின்கார் மின்கலங்களில் தீ பரவாமல் தடுக்கும் தகடுகளும் அப்பிரகத்தால் ஆனவையே.

மேலும், 2023-இல் இந்திய அரசு இன்றியமையாத கனிமங்கள் என்று 30 கனிமங்களைப் பட்டியலிட்டது. கோபால்ட்டும் அதில் உண்டு. காங்கோவின் அண்டை நாடாகிய சாம்பியாவில் செம்பும் கோபால்ட்டும் தேட 9,000 சதுர கிலோமீட்டர் நிலம் இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்டதாக 2025-இல் அறிவிப்பு வந்தது. நேற்றுவரை நாம் வாங்குவோராக மட்டும் இருந்தோம். நாளை பிறர் மண்ணில் தோண்டுவோராகவும் ஆவோம். அப்போது நாம் எவ்வாறு நடந்துகொள்ளப்போகிறோம் என்பதே கேள்வி.

எந்தச் சுரங்கத்தைப் பற்றிய செய்தியைப் படித்தாலும் நான்கு கேள்விகளைக் கேட்கும்படி நண்பர்களை வேண்டுகிறேன். அங்கே முன்னரே தோண்டிப் பிழைத்தவருக்குச் சட்டப்படி நிலம் ஒதுக்கினார்களா? குழியைச் சோதிப்பவர் யார்? எடையையும் தரத்தையும் மறுமுறை அளக்க விற்பவருக்கு வழியுண்டா? ராயல்டியில் அவ்வூருக்கு உரிய பங்கு அவ்வூருக்கே வந்ததா?

நம்மில் வேதியியல் படிப்போர் மலிவான, நம்பத்தக்க அளவுக்கருவி ஒன்றைச் செய்ய முயலலாம். சட்டம் படிப்போர் ஒப்பந்தங்களில் இந்நான்கு கேள்விகளுக்கும் விடை எழுதுவிக்கலாம். வணிகம் படிப்போர், 'வாங்கமாட்டோம்' என்று எழுதுவதைவிட 'இன்ன முறையில் வாங்குவோம்' என்று எழுதும் துணிவை நிறுவனங்களுக்குக் கற்பிக்கலாம். மண்ணிலிருந்து கல்லை மேலே கொண்டுவருபவருக்கும் அவருடைய நாள் முழுமையான கூலியோடு முடியவேண்டும். அவர் மாலையில் வீடு திரும்பவேண்டும். அந்நிலை வந்தபின் அவ்வாற்றலைத் தூயது என்று நாம் தயங்காமல் சொல்லலாம்.