என்ஜினில் இரண்டு சிறு குழாய்கள்

புழல் ஏரியிலிருந்து சென்னைக்குக் குடிநீர் செல்ல ஒரு வழி இருக்கிறது. மழைக்காலத்தில் ஏரி நிரம்பினால் மிகுதி நீர் வெளியேற வேறொரு வழியும் இருக்கிறது. அந்த உபரிநீர்க் கால்வாய் மணலி, சடையங்குப்பம் பக்கமாக எண்ணூரை நோக்கிச் செல்கிறது. ஏரி நிரம்பாத நாட்களில் அதற்கு வேலையில்லை. அதற்காக அதை அடைத்துவிடலாமா?

அதே எண்ணூரில்தான் அசோக் மோட்டார்ஸ் நிறுவனம் 1949-இல் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பாகங்களாக வரவழைத்து, இணைத்து உருவாக்கத் தொடங்கியது. 1955-இல் அது அசோக் லேலண்டாயிற்று. அக்காலக் கார்களிலும் பழைய அம்பாசடரிலும் பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பியது கார்புரேட்டர். பழைய எஸ்.யு. வகைக் கார்புரேட்டரில் இரண்டு மெல்லிய குழாய்களைக் காணலாம். ஒன்று வெற்றிடக் குழாய்; மற்றொன்று வழிவுக் குழாய். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் இவற்றின் தேவைகள் நேர் எதிரானவை.

வெற்றிடக் குழாய்

பிஸ்டன் கீழே இறங்கும்போது உருளைக்குள் அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று உள்ளே பாய முயல்கிறது. ஆனால் த்ராட்டில் தகடு வழியை மறைத்துக்கொண்டிருந்தால் போதிய காற்று நுழைய முடியாது. வளிமண்டல அழுத்தம் 76 செ.மீ. பாதரசம் அல்லவா? என்ஜின் நின்ற இடத்தில் மெதுவாக ஓடும்போது, த்ராட்டில் தகட்டுக்கு அப்பால் அழுத்தம் ஏறத்தாழ 30 செ.மீ. அளவுக்கு இறங்கிவிடும்.

த்ராட்டிலைக் கொஞ்சமாகத் திறந்து சீராக ஓட்டும்போது உருளைக்குள் கலவை குறைவு. குறைந்த கலவை மெதுவாக எரியும். ஆகவே மின்பொறி சற்று முன்னதாகவே விழ வேண்டும். இதைச் செய்வது டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள ஒரு சவ்வு. த்ராட்டில் தகட்டின் விளிம்பருகே உள்ள சிறு துளையிலிருந்து வெற்றிடக் குழாய் அந்தச் சவ்வின் ஒரு பக்கத்துக்குச் செல்கிறது. மறுபக்கம் வெளிக்காற்று. அழுத்த வேறுபாடு சவ்வை நகர்த்த, பொறி முந்துகிறது. த்ராட்டிலை முழுதும் திறந்தால் வேறுபாடு குறைகிறது. ஸ்பிரிங் சவ்வைத் திருப்பிவிடுகிறது.

சவ்வின் விட்டம் 4 செ.மீ. என்றும், அழுத்த வேறுபாடு 20 செ.மீ. பாதரசம் என்றும் வைத்துக்கொள்வோம். பரப்பு 12.6 சதுர செ.மீ. 76 செ.மீ. பாதரசம் சதுர செ.மீட்டருக்கு 1.03 கிலோகிராம் எடைக்குச் சமம். ஆகவே 20 செ.மீ. என்பது 0.27 கிலோகிராம். மொத்த விசை சுமார் 3.4 கிலோகிராம் எடை. இந்த விசை எங்கிருந்து வந்தது? வெற்றிடம் இழுப்பதில்லை, வெளிக்காற்றுதான் தள்ளுகிறது.

குழாயில் வெடிப்பு விழுந்தால் அதன் வழியே காற்று புகும். சவ்வின் இரு பக்கமும் அழுத்தம் சமமாகிவிடும். பொறி பிந்தும், பெட்ரோல் வீணாகும். எனவே இக்குழாயின் இரு முனைகளும் காற்றுப் புகாமல் இறுகியிருக்க வேண்டும். நடுவில் தொய்வும் கூடாது. தொய்ந்த இடத்தில் பெட்ரோல் ஆவி குளிர்ந்து திரவமாகித் தேங்கலாம்.

வழிவுக் குழாய்

கார்புரேட்டரின் பக்கத்தில் மிதவை அறை உள்ளது. பெட்ரோல் மட்டம் உயர்ந்ததும் மிதவை எழுந்து, ஊசி வால்வை அழுத்தி, வரும் வழியை மூடுகிறது. வீட்டு மாடித் தொட்டியில் உள்ள மிதவை வால்வும் இப்படித்தான். வால்வில் ஒரு தூசி சிக்கினால்? பம்ப் அனுப்பிக்கொண்டே இருக்கும். மிகுதிப் பெட்ரோல் வழிவுக் குழாய் வழியே வெளியேறும்.

இதற்கு இன்னொரு வேலையும் உண்டு. அறையில் பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று வேண்டும். அதுவும் இவ்வழியாகவே வருகிறது.

செய்து பாருங்கள்: ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் அடியருகே சிறு துளையிட்டு, நீர் நிரப்பி, மூடியை இறுக மூடுங்கள். சிறிதளவு வழிந்தபின் நீர் நின்றுவிடும். மூடியைத் திறந்தால் மீண்டும் ஓடும். வழிவுக் குழாயை அடைத்த கார்புரேட்டரும் மூடிய பாட்டிலும் ஒன்றே.

எங்கே முடிய வேண்டும்?

பழைய அம்பாசடர் என்ஜினில் கார்புரேட்டரும், கழிவுப் புகை வெளியேறும் குழாயும் ஒரே பக்கத்தில் அமைந்திருந்தன. ஓடும் என்ஜினில் புகைக் குழாயின் வெப்பம் பல நூறு பாகை. பெட்ரோலோ பூஜ்யத்துக்குக் கீழே 40 பாகை செல்சியஸ் குளிரிலும் தீப்பற்றக்கூடிய ஆவியைத் தருவது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தாழ்ந்த இடங்களில் தங்கும். ஆகையால் வழிவுக் குழாய் புகைக் குழாயையும் மின்பொறி எழும் பாகங்களையும் விட்டு விலகி, கீழ்நோக்கியே இறங்கி, என்ஜினுக்கு அடியில் திறந்த முனையாக முடிய வேண்டும். கையில் கிடைத்த சைக்கிள் வால்வு ட்யூபை அதற்கு மாட்டக் கூடாது. இயற்கை ரப்பர் பெட்ரோலில் ஊறி உப்பி, இளகிவிடும்.

குழாயிலிருந்து பெட்ரோல் சொட்டுகிறதே என்று அதன் வாயை அடைப்பவர்கள் உண்டு. சொட்டுவது நோயல்ல, அறிகுறி. ஊசி வால்வைத் துப்புரவு செய்தால் சொட்டு தானே நிற்கும். வாயை அடைத்தாலோ மிகுதிப் பெட்ரோல் என்ஜினுக்குள் போகும். இல்லையேல் மூடியின் இடுக்கு வழியே கசிந்து சூடான புகைக் குழாயின் மேல் விழும். பல கார்கள் தீப்பிடிக்க இத்தகைய கசிவே போதும்.

ஆக, ஒரு குழாய் காற்றுக்கு மூடியிருக்க வேண்டும். மற்றொன்று காற்றுக்குத் திறந்திருக்க வேண்டும். எந்தக் குழாயைக் கண்டாலும், "இதன் இரு முனைகளிலும் அழுத்தம் என்ன?" என்று முதலில் கேளுங்கள்.

சிந்தியுங்கள்: ஒருவர் தவறுதலாக வழிவுக் குழாயின் முனையை வெற்றிடத் துளையில் மாட்டிவிட்டார். பெட்ரோல் எந்தத் திசையில் செல்லும்? ஏன்?