மழைத்தண்ணியைக் குடிதண்ணியாக்குவோம்



ராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊர்களில் கிணறு வெட்டினால் உப்புத்தண்ணி. தள்ளுவண்டியில் நாலு குடத்தை அடுக்கி, ஊரணிக்கும் குழாயடிக்கும் அலைவது யார்? நாம்தான். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் நம் வீட்டு மொட்டைமாடியில் விழுகிற நல்ல தண்ணீர் வாசல் வழியே ஓடி வீணாகப் போகிறது. அதைப் பிடித்து, சுத்தம் செய்து, குடிப்பதற்கும் சமைப்பதற்கும் வைத்துக்கொள்வது எப்படி என்பதே இந்த மாதப் பாடம்.

2003ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அப்போது பெரும்பாலும் குழி தோண்டி மழைநீரை நிலத்துக்குள் இறக்கினோம். அது நிலத்தடி நீருக்கு. இப்போது பார்க்கப்போவது, குடிப்பதற்காகத் தொட்டியில் சேர்க்கும் முறை.

எவ்வளவு தண்ணீர் கிடைக்கும்?

300 சதுர அடி மாடியில் 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 280 லிட்டர் விழும். சிதறுவது, ஆவியாவது, கழுவி விடுவது எல்லாம் போக 220 லிட்டர் கைக்கு வரும். 15 லிட்டர் குடத்தில் கிட்டத்தட்ட 15 குடம்!

மழை குறைந்து, பருவம் முழுவதும் 25 செ.மீ. மட்டுமே பெய்தாலும் 5,500 லிட்டர் கிடைக்கும். அதனால் 5,000 லிட்டர் தொட்டி போதும். ஐந்து பேர் உள்ள வீட்டில் குடிக்க, சமைக்க மட்டும் தினம் 25 லிட்டர் எடுத்தால் 200 நாள் வரும். தை பிறந்ததும் எடுக்க ஆரம்பித்தால் ஆடி வரை கவலையில்லை. குளிக்க, துவைக்க இதைத் தொடக்கூடாது.

அமைக்கும் முறை

1. கூரை: சிமென்ட் தளம், ஓடு, தகரம் மூன்றும் ஏற்றவை. கூரை வீட்டுத் தண்ணீர் நிறம் மாறி வரும், குடிக்க வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தண்ணீரைப் புழக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். புரட்டாசியிலேயே மாடியைப் பெருக்கிக் கழுவிவிட வேண்டும். மேலே சாய்ந்திருக்கும் மரக்கிளையை வெட்டுங்கள். மாடியில் கோழி அடைக்காதீர்கள்.

2. முதல் தண்ணீரைக் கழிக்கும் குழாய்: மாடியிலிருந்து இறங்கும் 4 அங்குலக் குழாயில் ஒரு ‘டீ’ இணைப்பு போட்டு, ஒரு கிளையை 10 அடி நீளத்துக்குக் கீழே இறக்கி அடியில் மூடி போடுங்கள். மழை தொடங்கியதும் காக்கை எச்சம், தூசியோடு வரும் முதல் 25 லிட்டர் இதில் தங்கும். அது நிறைந்த பிறகு வரும் தண்ணீர் மறு கிளை வழியே வடிகட்டிக்குப் போகும். மழை நின்றதும் மூடியைத் திறந்து கொட்டிவிட வேண்டும். கோடைக்குப் பிறகு வரும் முதல் இரண்டு மழையைப் பிடிக்கவே வேண்டாம்.

3. வடிகட்டி: ரசாயனம் வைக்காத 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்று. அடியிலிருந்து மேலாக ஒன்றரை ஜல்லி, முக்கால் ஜல்லி, கட்டைக்கரி, பெருமணல் என்று ஒவ்வொன்றும் அரை அடி போடவும். கரிக்குக் கீழும் மேலும் நைலான் வலை விரிக்கவும். எல்லாவற்றையும் கலங்கல் போகும்வரை அலசிய பிறகே போட வேண்டும். டிரம் பாரமாக இருக்கும். தொட்டியின் வாயைவிட உயரத்தில், கொத்தனார் கட்டிய உறுதியான மேடையில் வையுங்கள்.

4. தொட்டி: பிளாஸ்டிக் தொட்டியும் வைக்கலாம், கம்பிவலை மேல் சிமென்ட் பூசிக் கட்டும் ஃபெரோசிமென்ட் தொட்டியும் கட்டலாம். வெளிச்சம் புகுந்தால் பாசி பிடிக்கும், இடைவெளி இருந்தால் டெங்கு கொசு முட்டையிடும். ஆகவே இறுக்கமான மூடி போட்டு, வழிந்தோடும் குழாய் வாயில் கொசுவலை கட்டுங்கள். தண்ணீர் எடுக்க அடியிலிருந்து அரை அடி உயரத்தில் குழாய் வையுங்கள். வாளி விட்டு மொள்ளவே கூடாது.

தெளிந்த தண்ணீர் எல்லாம் சுத்தத் தண்ணீர் அல்ல!

“மழைத்தண்ணிதானே, வடிகட்டியாச்சு, கண்ணாடி மாதிரி இருக்கு, அப்படியே குடிச்சா என்ன?” என்று கேட்கலாம். இங்கேதான் கவனம் வேண்டும். மணலும் கரியும் தூசியை, நாற்றத்தை எடுக்கும். பறவை, எலி எச்சத்தில் இருந்து வரும் கிருமிகளை முழுவதும் எடுக்காது. வயிற்றுப்போக்கு வந்தால் முதலில் துவளுவது கைக்குழந்தைதான். ஆகவே கீழே உள்ள இரண்டில் ஒன்றைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

* கொதிக்க வைப்பது: தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் விடவும். அதே பாத்திரத்தில் மூடி வைத்து ஆறவிடவும். கைவிட்டு மொள்ளாமல் நீண்ட காம்புக் கரண்டியால் எடுக்கவும்.

* குளோரின்: 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர். நிறைந்த 5,000 லிட்டர் தொட்டிக்கு 12.5 கிராம். கண் அளவு உதவாது, தராசில் நிறுக்க வேண்டும். வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பிறகு தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றவும். குறைந்தது அரை மணி நேரம் கழித்தே எடுக்க வேண்டும். திறந்து கிடந்த பழைய பவுடருக்கு வீரியம் இருக்காது. குளோரின் மாத்திரை கிடைத்தால் அட்டையில் போட்டிருக்கும் அளவுப்படி குடத்திலேயே போடலாம்.

தண்ணீரைப் பரிசோதிக்கவும் வழி உண்டு. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், ஒவ்வொரு கிராமத்திலும் 5 பெண்களுக்குக் குடிநீர்ப் பரிசோதனைப் பயிற்சி தர வழி செய்யப்பட்டது. சிறு பாட்டிலில் தண்ணீரை நிரப்பி ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக்கிருமி கலந்திருந்தால் கறுத்துவிடும். உங்கள் ஊரில் பயிற்சி பெற்றவர் யார், பெட்டி எங்கே இருக்கிறது என்று ஊராட்சியில் கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

பராமரிப்பு

வருடம் ஒருமுறை, மழைக்கு முன்பு, தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் கழுவவும். மூடிய தொட்டிக்குள் ஒருவர் தனியாக இறங்கக்கூடாது. மூடியை நன்றாகத் திறந்து காற்றாட விட்டு, வெளியே ஒருவர் நிற்க வேண்டும். மணலை அலசிப் போடவும். கரியை மாற்றவும்.

குழுக் கூட்டத்தில் பேச வேண்டியவை

* நம் ஒவ்வொரு வீட்டிலும் குடிதண்ணிக்கு மாதம் என்ன செலவாகிறது? குடம் 10 ரூபாய், தினம் 2 குடம் என்று வைத்தால் 200 நாளைக்கு 4,000 ரூபாய். தண்ணிக்கு நடக்கும் நேரத்துக்குக் கூலி போட்டால் இன்னும் கூடும்.
* தொட்டி, குழாய், கூலி மூன்றுக்கும் உள்ளூர் விலை விசாரித்து, எத்தனை வருடத்தில் பணம் திரும்பும் என்று கணக்குப் போட்ட பிறகே உள்கடன் எடுக்க வேண்டும்.
* ஐந்தாறு வீட்டுக்குச் சேர்த்துச் சாமான் வாங்கினால் விலை குறையுமா?
* முதலில் யார் வீட்டில் அமைப்பது? கைக்குழந்தை உள்ள வீடு, தூரத்தில் இருந்து தண்ணி சுமக்கும் வீடு என்று பார்த்து முடிவெடுங்கள். தீர்மானத்தை மறக்காமல் கூட்ட நோட்டில் எழுதுங்கள்.

ஆவணி, புரட்டாசிக்குள் வேலையை முடித்தால்தான் ஐப்பசி மழையைப் பிடிக்க முடியும். வானம் கறுத்த பிறகு குழாய் தேடிப் போகாதீர்கள்!