பேரப்பிள்ளைகளுக்கு விசுவாசத்தை எழுதி வையுங்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்கு வந்து, வாடகை வீட்டில் குடியேறி, இங்கேயே நிலைத்துவிட்ட கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைய. இங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் சொந்த ஊர் ஆலயமும் தெரியாது, தாத்தா எப்படி ஆண்டவரை அறிந்தார் என்பதும் தெரியாது. அவர்களுக்காகச் சில குறிப்புகள்.

1. கெட்டி அட்டை போட்ட லாங் சைஸ் நோட்டு வாங்குங்கள். பால்பாயிண்ட் பேனாவால் எழுதுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் மை பேனா எழுத்து கரைந்துவிடும்.

2. முதல் பக்கங்களில் ஒவ்வொருவரின் பெயர், பிறந்த நாள், ஞானஸ்நானம், திருமணம், மறைந்த நாள், ஆலயத்தின் பெயர் வரட்டும். மருமகள்களின் பிறந்த வீட்டு விவரத்தையும் விடாதீர்கள்; பெரும்பாலும் அதுதான் விடுபடும். பழைய வேதாகமத்தின் முன்தாளில் பெரியவர்கள் குறித்து வைத்திருக்கலாம். இல்லையென்றால், ஊருக்குப் போகும்போது ஆலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்கக் கேளுங்கள்.

3. பிரசங்கம் எழுதாதீர்கள், நடந்ததை எழுதுங்கள். கம்பெனியில் ஆள் குறைத்தபோது வீட்டில் என்ன ஜெபித்தீர்கள், அந்த வாரம் அரிசி கொண்டுவந்து இறக்கியவர் யார், பள்ளிக் கட்டணத்துக்குக் கம்மலைக் கழற்றிக் கொடுத்தது யார் என்று பெயரோடு எழுதுங்கள். கேட்டது கிடைக்காமல் போன ஜெபத்தையும் மறைக்க வேண்டாம். பிள்ளையைப் பறிகொடுத்த வருடமும் அம்மா ஞாயிறு ஆராதனைக்குப் போனாள் என்ற ஒரு வரி, பின்னால் துக்கத்தில் தவிக்கும் பேத்தியைத் தாங்கிப் பிடிக்கும்.

4. நைட் ஷிப்டு முடிந்து வந்தவரை எழுதச் சொல்லாதீர்கள். வார லீவு நாளில் குடும்ப ஜெபம் முடிந்ததும் ஒரு பக்கம் போதும். எழுத வராத பாட்டி சொல்லட்டும், பேத்தி எழுதட்டும். எல்லை ஊர் ஆயிற்றே, பாட்டி தெலுங்கில் ஜெபிப்பவர் என்றால் அவர் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதி, செல்போனில் குரலையும் பதிவுசெய்யுங்கள்.

5. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் கிடைக்கும் வாக்குத்தத்த அட்டையை வருட முடிவில் தூக்கிப்போடாதீர்கள். அந்த வருடம் நடந்ததைப் பின்பக்கம் இரண்டு வரி எழுதி நோட்டில் சேருங்கள்.

6. கிழிந்த தாளுக்குச் செலோடேப் ஒட்டவோ, பழைய கடிதத்தை லேமினேஷன் செய்யவோ வேண்டாம். நாளடைவில் தாள் கெடும். பூச்சி அண்டாமலிருக்க வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து பெட்டியில் போடுங்கள். பெட்டி தரையில் இருக்கக் கூடாது. ஒரு ஜெராக்ஸ் பிரதி வெளியூரில் இருக்கும் பிள்ளையிடம் இருக்கட்டும். கிறிஸ்தவக் கவிஞர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864) எழுதியவை நமக்குக் கிடைத்ததில், தலைமுறை தலைமுறையாகக் காத்துப் பாடிவந்த அவர் வம்சத்தாருக்குப் பெரும் பங்கு உண்டு.

7. சொத்து விவரத்தை இந்த நோட்டில் கலக்காதீர்கள். உயில் தனி, அதற்கு இரண்டு சாட்சிகளின் கையெழுத்து வேண்டும்.

8. பிள்ளைகளுக்கு ஆர்வம் வர, நம் மாவட்டத்திலேயே இருக்கும் பழவேற்காட்டுக்கு அழைத்துப் போங்கள். அங்கே டச்சுக்காரர் கல்லறைகளில் பெயரும் தேதியும் கல்லில் செதுக்கப்பட்டிருக்கின்றன. 17-ஆம் நூற்றாண்டுப் பெயர்களை இன்றும் காணலாம். பார்த்துவிட்டு வந்த சூட்டோடு உங்கள் குடும்பப் பக்கத்தை அவர்களையே எழுதச் சொல்லுங்கள்.

9. வீட்டில் மூத்தவர் யாரோ, அவரிடமிருந்து தொடங்குங்கள். உங்கள் சாட்சியைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். அவருடையதை இந்த ஞாயிற்றுக்கிழமையே கேட்டு எழுதிவிடுங்கள்.