மருந்தின் பலிதம் அறிதல்

நோய் தணிந்தவுடன் மருந்து பலித்தது என்பது உலக வழக்கு. பயிர்ச் சோதனையிலோ அச்சொல் இன்னும் குறுகிய பொருளுடையது. மழை ஓய்வதனாலும் நோய் தணியக்கூடுமாதலின், மருந்திட்ட பயிருக்கும் இடாத பயிருக்கும் உள்ள வேற்றுமையே பலிதம் எனப்படும்.

1882-ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்தின் மெடோக் பகுதியில், வழிப்போக்கர் பழம் பறியாதிருக்கும் பொருட்டுச் சாலையோரத் திராட்சைக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்திருந்தனர். அக்கொடிகளில் இலைகள் நிலைத்திருக்க, உட்புறக் கொடிகளில் அடிச்சாம்பல் நோயால் உதிர்ந்திருந்ததை மில்லார்டே என்னும் பேராசிரியர் கண்டார். அவர் பின்னர்ச் சோதித்து 1885-இல் வெளியிட்டதே போர்டோக் கலவை.

இக்கலவை நோயை வருமுன் காப்பதேயன்றி, பரவியபின் நீக்குவதன்று. ஆகையால் குடியானவர்கள் இதனை உரிய காலத்தில் தெளிப்பதோடு, ஒரு பாத்தியை மருந்திடாது விட்டு ஒப்பிட்டறிதல் நலம். மருந்துக்குச் செலவிட்ட பணம் பயன் தந்ததா என்பதை அப்பாத்தியே காட்டும்.