‘தூய்மை’ என்ற பெயரில்

கேள்வி: எகிப்தில் சிறுமிகளின் பிறப்புறுப்பைச் சிதைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறதாமே? இதையெல்லாம் எப்படிக் கணக்கெடுக்கிறார்கள்? காரணம் மதமா?

பதில்: இருக்கிறது. 2015 கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுள்ள எகிப்தியப் பெண்களில் 100-க்கு 87 பேருக்கு இது நடந்திருக்கிறது.

கணக்கெடுப்பில் மருத்துவப் பரிசோதனை எதுவும் கிடையாது. வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் கேட்கிறார்கள்: உங்களுக்குச் செய்தார்களா? எந்த வயதில்? யார் செய்தது? உங்கள் மகளுக்கு? 2008-இல் சட்டம் இதைக் குற்றமாக்கிவிட்டதால், மகளைப் பற்றிக் கேட்டால் தாய் தயங்கக்கூடும். ஆய்வாளர்களுக்கு இதுதான் பெரிய சிக்கல்.

மதம் மட்டும் காரணமல்ல. முஸ்லிம்களோடு காப்டிக் கிறிஸ்தவர்களிடமும் இவ்வழக்கம் உண்டு. குர்ஆனிலோ பைபிளிலோ இதற்குக் கட்டளை இல்லை. ஊர் வழக்கில் இதன் பெயர் ‘தஹாரா’, அதாவது தூய்மை. செய்யாவிட்டால் பெண் கட்டுப்பாடில்லாமல் போவாள், வரன் அமையாது என்ற பயம்தான் வேர். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்றுதான் பாட்டியும் தாயுமே முன்னின்று நடத்துகிறார்கள்.

இன்னொரு கொடுமை: முன்பு மருத்துவச்சி கையில் இருந்த கத்தி இப்போது பெரும்பாலும் டாக்டர் கைக்கு மாறியிருக்கிறது. மயக்க ஊசி போட்டுச் செய்தாலும் சிதைப்பு சிதைப்புதான்.