பாலூட்டும் தாய்க்கு வலி உண்டா?

தாய்ப்பாலின் பெருமையைப் பேசும் கட்டுரைகளுக்குக் குறைவில்லை. பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் பாலூட்டத் தொடங்க வேண்டும், முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும், பின்னர் இணை உணவுடன் 2 ஆண்டுகளும் அதற்கு மேலும் தொடரலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இவையெல்லாம் பாலைப் பற்றியும் குழந்தையைப் பற்றியும் கூறுவன. பாலைத் தருகின்றவளுக்கு வலிக்கிறதா என்று நாம் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை, என் அக்காவின் தலைப்பிரசவம் வரையில்.

பேறுகாலத்திற்காக அக்கா எங்கள் வீட்டிற்கு வந்திருந்தாள். குழந்தை பிறந்து நான்காம் நாள். பாலுக்கு அழும் குரல் கேட்டாலே அவள் முகம் சுருங்கும். குழந்தை வாய் வைத்ததும் கால் விரல்களை மடக்கிக்கொள்வாள். கண்ணீர் தானாக வழியும். அப்பத்தா, "நாங்கெல்லாம் பல்லைக் கடிச்சுக்கிட்டுக் குடுக்கலையா? பொறுத்துக்க தாயி" என்றார். பார்க்க வந்த எதிர்வீட்டு மதினியோ, "எனக்கு ஒருநாளும் வலிச்சதே இல்லையே, உனக்கு மட்டும் என்னடி?" என்றார். இருவரும் அன்பினால் சொன்னவர்களே. ஆயினும் அன்றிரவு அக்கா என்னிடம், "எனக்கு மட்டும் ஏன்டி இப்படி? நான் நல்ல தாயில்லையோ?" என்று கேட்டாள். மூன்றாண்டுகள் விலங்கியல் படிக்கும் என்னிடம் அதற்கு விடை இல்லை. அந்த விடையைத் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

பால் சுரக்கும் முறை

பாலூட்டலில் முக்கியப் பங்கு பெறும் ஹார்மோன்கள் இரண்டு. குழந்தை சப்பும்போது காம்பிலுள்ள நரம்புகள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. உடனே பிட்யூட்டரிச் சுரப்பியின் முன் கதுப்பிலிருந்து புரோலாக்டின் வெளிப்பட்டு, பால் உண்டாகச் செய்கிறது. பின் கதுப்பிலிருந்து வரும் ஆக்சிடோசின், பால் நுண்ணறைகளைச் சூழ்ந்துள்ள தசைச் செல்களைச் சுருக்கி, உண்டான பாலை வெளியே தள்ளுகிறது. நம் தாய்மார்கள் 'பால் இறங்குகிறது' என்று கூறுவது இதனையே.

இங்கு நாம் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. வலியும் அச்சமும் கவலையும் ஆக்சிடோசின் வெளிப்படுவதைத் தாமதப்படுத்தும். வலியால் பால் இறங்கத் தாமதமாகும். பால் வராததால் குழந்தை இன்னும் வேகமாக இழுக்கும். அதனால் வலி மேலும் கூடும். இதைக் காணும் வீட்டார் 'பால் இல்லை' என்று முடிவு கட்டிப் புட்டியைக் கொணர்வர். குழந்தை தாயிடம் குடிப்பது குறையவே சுரப்பும் குறையும். முதலில் தவறாக இருந்த முடிவு, சில நாள்களில் உண்மையாகிவிடும். எனவே தாயின் வலி அவளோடு நின்றுவிடும் செய்தியன்று; குழந்தையின் உணவையும் பாதிக்கும் செய்தி.

வலியின் வகைகள்

'வலி' என்ற ஒரே சொல்லால் நாம் குறிப்பவை உண்மையில் பலவாகும்.

முதலாவது, தொடக்க நாள்களின் கூச்சம். பழக்கமில்லாத காம்பில் குழந்தை முதல் சில இழுப்புகள் இழுக்கும்போது சுருக்கென்று இருக்கும். அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் தணியும். இது பெரும்பாலான தாய்மார்க்கு உண்டு. காம்பு வலிக்கான சிகிச்சைகளை ஒப்பிட்டு 2014இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, எந்தச் சிகிச்சை செய்தாலும் பெரும்பாலான தாய்மார்க்கு ஏறத்தாழ 7 முதல் 10 நாள்களில் வலி இலேசாகிவிடுவதாகக் கூறுகிறது. ஒன்றும் தடவாமலிருப்பதும், சிறிது தாய்ப்பாலையே தடவிக்கொள்வதும், கடையில் வாங்கும் களிம்புக்குச் சளைத்தவை அல்ல என்பதும் அதில் கண்ட செய்தி.

இரண்டாவது, அடிவயிற்று வலி. ஆக்சிடோசின் கருப்பையையும் சுருங்கச் செய்வதால், பாலூட்டும்போதே வயிற்றை இழுத்துப் பிடிக்கும். இரண்டாவது, மூன்றாவது பிரசவங்களில் இது மிகுதி. கருப்பை பழைய நிலைக்குத் திரும்புவதன் அடையாளமே இது; சில நாள்களில் நின்றுவிடும்.

மூன்றாவது, பால் கட்டிக்கொள்ளுதல். மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை பால் பெருகும்போது மார்பு கனத்து, கல்போல் இறுகும். குழந்தை அடிக்கடி குடித்தால் இது இளகும். குழந்தையை இழந்த தாய்க்கும் பால் கட்டும் என்பது எண்ணிப் பார்க்க வேண்டிய துயரம். அத்தகைய தாயின் மார்பில் மல்லிகைச் சரத்தை வைத்துக் கட்டும் வழக்கம் நம்மிடையே உண்டு. வேலூர் மருத்துவர்கள் 1988இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, இதனைப் பால் வற்றச் செய்யும் புரோமோகிரிப்டின் மருந்துடன் ஒப்பிட்டது. புரோலாக்டினைக் குறைப்பதில் மருந்தே முந்தியது. ஆனால் மார்பின் இறுக்கத்தைத் தணிப்பதில் மல்லிகையும் அதற்கு ஈடாக நின்றது.

நான்காவது, காம்பு வெடிப்பு. இதற்குப் பெருங்காரணம் குழந்தை மார்பைப் பற்றும் முறையே. என் அக்காவுக்கு நேர்ந்ததும் இதுதான்.

ஐந்தாவது, மார்பு அழற்சி. மார்பின் ஒரு பகுதி சிவந்து, வீங்கி, காய்ச்சலும் உடல்வலியும் காணும். இதற்கு மருத்துவரை நாட வேண்டும். பாலூட்டலை நிறுத்த வேண்டியதில்லை. திடீரென நிறுத்துவது நிலைமையை மோசமாக்கும். கட்டியைக் கரைப்பதாக எண்ணி மார்பை அழுத்திப் பிசைவதும் தீங்கு. மென்மையாகக் கையாளுதல், குளிர் ஒத்தடம் ஆகியவற்றையே 2022இல் வெளியான மருத்துவ வழிகாட்டு நெறிகள் வலியுறுத்துகின்றன.

பற்றும் முறை

மொழியியல் வகுப்பில் வல்லண்ணம், மெல்லண்ணம் என்று ஒலிப்பிடங்களைப் படிக்கிறோம். வாயின் மேற்கூரையில் முன்பகுதி கடினமானது, பின்பகுதி மென்மையானது. குழந்தை வாயை அகலத் திறந்து, காம்புடன் அதைச் சூழ்ந்த கருவட்டத்தின் பெரும்பகுதியையும் வாய்க்குள் வாங்கினால், காம்பின் நுனி இவ்விரண்டும் கூடும் இடத்தருகே சென்று தங்கும். அங்கே அது நசுங்குவதில்லை. காம்பை மட்டும் கவ்வினால், வல்லண்ணத்திற்கும் நாக்கிற்கும் இடையே அகப்பட்டு நசுங்கும். குழந்தை வாயை எடுக்கும்போது காம்பு ஒருபுறம் சரிந்து தட்டையாக இருந்தால் இதுவே காரணம் என்று அறியலாம்.

சரியாகப் பற்றியிருப்பதற்கு நான்கு அடையாளங்கள் கூறுவர்: வாய் அகலத் திறந்திருக்கும், கீழுதடு வெளிப்புறமாக மடிந்திருக்கும், மோவாய் மார்பைத் தொட்டிருக்கும், கருவட்டம் வாய்க்குக் கீழே தெரிவதைவிட மேலே அதிகமாகத் தெரியும்.

ஆறாம் நாள் எங்கள் வீட்டிற்கு வந்த கிராம சுகாதாரச் செவிலியர், அக்கா பாலூட்டுவதைச் சிறிது நேரம் பார்த்தார். அக்கா குனிந்து மார்பைக் குழந்தையிடம் கொண்டுசெல்வதைக் கண்டு, முதுகைச் சாய்த்து உட்காரச் செய்தார். குழந்தையின் வயிறு தாயின் வயிற்றில் படும்படி முழு உடலையும் திருப்பி வைத்தார். வலித்தால் குழந்தையை வெடுக்கென்று இழுக்காமல், சுத்தமான சுண்டுவிரலைக் கடைவாயில் நுழைத்துப் பிடியை விடுவித்து, மறுபடியும் வைக்கக் கற்றுக்கொடுத்தார். அக்காவின் கால் விரல்கள் அன்று முதன்முறையாக மடங்கவில்லை. வெடிப்பு ஆற மேலும் சில நாள்கள் பிடித்தன. ஆனால் அழுகை அன்றே நின்றது.

அனுபவங்கள் ஏன் வேறுபடுகின்றன?

இதைக் கண்டு, எல்லா வலியும் முறையைத் திருத்தினால் தீரும் என்று எழுதிவிட எண்ணினேன். உறவிலும் தெருவிலும் உள்ள சில தாய்மார்களைக் கேட்ட பிறகு அவ்வெண்ணம் மாறியது. ஒருவருக்கு முதல் குழந்தையிடம் வலியே இல்லை. இரண்டாவது குழந்தையிடம் ஒரு மாதம் வலி. ஒருவருக்குக் குழந்தையின் நாக்கின் அடியிலுள்ள சவ்வு குட்டையாக இருந்தது. மருத்துவர் கண்ட பிறகே காரணம் விளங்கியது. ஒருவருக்குக் குளிர்காலத்தில் காம்பு வெளுத்து எரியும். இரத்தக் குழாய்கள் சுருங்குவதே இதற்குக் காரணம். இன்னொருவருக்கு வலியில்லை, பால் இறங்கும் சில நொடிகளில் மட்டும் காரணமின்றி மனம் இருண்டு பின் தெளியும். இதுவும் உடற்செயல் சார்ந்ததே என்று அண்மைக்கால மருத்துவம் ஏற்றுக்கொண்டுள்ளது.

குழந்தைகளும் ஒரே மாதிரி இழுப்பதில்லை. வலி நீங்காத தாய்மார்களின் குழந்தைகள் பாலை இழுக்கும் விசை மற்றக் குழந்தைகளுடையதைவிட வலிமையாக இருந்ததை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் அளந்து காட்டினர். அத்தாய்மார்கள் பாலூட்டும் முறையில் உதவி பெற்றவர்களே. ஆகவே வலி தொடர்கிறது என்பதால் தாயைக் குறை கூற இடமில்லை.

என் பெரியம்மாவின் மகள் ஒருத்தி, பல உதவிகள் பெற்றும் முடியாமல் இரண்டாம் மாதத்தில் நிறுத்திவிட்டாள். அவள் பட்ட வேதனையில் வலியைவிடப் பிறர் பேச்சே மிகுதி என்று சொன்னாள். அவள் குழந்தை இன்று நன்றாகப் பள்ளி செல்கிறான்.

முடிவுரை

ஆகவே, பாலூட்டும் தாய்க்கு வலி உண்டா என்ற வினாவிற்கு 'உண்டு' என்றோ 'இல்லை' என்றோ ஒரு சொல்லில் விடை கூற இயலாது. தொடக்கக் கூச்சம் பலருக்கு உண்டு, அது தணியும். பாலூட்டும் நேரம் முழுதும் நீடிக்கும் வலி, வெடிப்பு, இரத்தம், காய்ச்சல் ஆகியவை பொறுத்துக்கொள்ள வேண்டியவை அல்ல. காரணம் கண்டு தீர்க்க வேண்டியவை. அப்பத்தா சொன்னதும் உண்மை. மதினி சொன்னதும் உண்மை. ஒருவர் உடல் கண்ட உண்மையை மற்றவர் உடலுக்கு அளவுகோலாக்கியதே பிழை.

நம் கல்லூரித் தோழியர் பலர் நாளை தாயாவர். தோழர் பலர் தந்தையாவர். பச்சை உடம்புக்காரி ஒருத்தி வலிக்கிறது என்று சொன்னால், 'எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது, எவ்வளவு நேரம் வலிக்கிறது' என்று கேட்போம். முதுகுக்குத் தலையணை வைப்போம். குடிக்கத் தண்ணீர் கொடுப்போம். செவிலியரை அழைத்து வருவோம். அன்றிரவு அக்கா கேட்ட கேள்விக்கு இன்று என்னிடம் விடை உண்டு: "உன்மேல் ஒரு குறையும் இல்லை அக்கா, எங்களுக்குத்தான் தெரியவில்லை."